பாதிக் கூட்டின் ரகசியம்
பறவைகளுக்காக வாழ்ந்த சலீம் அலி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைத் தாண்டி வயல் பக்கம் நடந்தால், பனைமரங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைக் காணலாம். சில கூடுகள் நீண்ட குழல் போன்ற வாசலுடன் முழுமையாக இருக்கும். வேறு சில, கவிழ்த்து வைத்த தொப்பியைப் போலப் பாதியிலேயே நின்றுவிட்டிருக்கும். இத்தனை பாடுபட்டுப் பின்னிய குருவி ஏன் வேலையைப் பாதியில் விட்டது? ஆண் குருவி ஊஞ்சலாடுவதற்காகக் கட்டியது என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். உண்மையைக் கண்டவர், உத்தியோகம் இழந்து நின்ற ஒரு மனிதர். அவர்தாம் டாக்டர் சலீம் அலி.

தாய் தந்தையற்ற சிறுவன்

1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார் சலீம் அலி. குடும்பத்தில் அவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வீட்டில் வளர்ந்தார்.

ஒரு நாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான் சிறுவன். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று கேட்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர், பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். அன்று பிடித்த பித்து, அவரது ஆயுள் முழுவதும் விடவில்லை.

வேலை போயிற்று

பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்க்கப் போனார். அங்கும் பறவைகளின் பின்னேதான் அலைந்தார். 1918-ல் தெஹ்மினாவை மணந்தார். முறையான பட்டம் இல்லாததால், அரசாங்க விலங்கியல் துறை வேலை கிட்டவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்க உரையாளர் பதவி கிடைத்தது. பிறகு விடுப்பில் ஜெர்மனிக்குச் சென்று, ஸ்ட்ரெஸ்மன் என்ற பேராசிரியரிடம் பறவையியல் பயின்றார். 1930-ல் ஊர் திரும்பியபோது, நிதியில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

பம்பாயில் குடியிருக்க வசதியில்லை. தம்பதிகள் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துச் சிறு வீட்டில் குடியேறினர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாய்க் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. வேலையில்லாத மனிதருக்கு வேலை வந்துவிட்டது.

ஏணி மேல் ஒரு தவம்

உயரமான ஏணி ஒன்றின் மேல் துணி மறைவு அமைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அமர்ந்தார். கண்ணே கருவி, குறிப்பேடே துணை. மெல்ல மெல்ல மர்மம் அவிழ்ந்தது.

கூடு பின்னுவது ஆண். கூடு பாதி எழும்பியதும் பெண் குருவிகள் கூட்டமாய் வந்து சோதித்துப் பார்க்கும். வீடு பிடித்திருந்தால் ஒரு பெண் அங்கே குடியேறும். ஆண் மீதி வேலையை முடித்துக் கொடுக்கும். பெண் அடைகாக்க அமர்ந்ததும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணையைத் தேடும்! எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே நின்றுபோகும். ஊஞ்சல் என்று எண்ணப்பட்டது, பெண் வேண்டாமென்று ஒதுக்கிய வீடு. 1931-ல் இந்த ஆராய்ச்சி அச்சாகி, அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

சம்பளம் வேண்டாம்

பெயர் வந்தது, வருமானம் வரவில்லை. செலவை மட்டும் ஏற்றால் போதும், ஊதியமின்றிப் பறவைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று சுதேச சமஸ்தானங்களுக்குச் சொன்னார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனக் காடு காடாய்ச் சுற்றினார். கூடாரத்திலும் மாட்டு வண்டியிலும் மனம் கோணாமல் உடன் வந்தவர் தெஹ்மினா. 1939-ல் சிறு அறுவை சிகிச்சைக்குப்பின் அவர் காலமானார். நொறுங்கிப் போன சலீம் அலி, வேலையிலேயே ஆறுதல் தேடினார்.

1941-ல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல், சாதாரண மக்கள் கையிலும் பறவைகளைக் கொண்டு சேர்த்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து, 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1976-ல் பத்ம விபூஷண் விருதும், 50,000 டாலர் சர்வதேசப் பரிசும் வந்தன. பணமின்மையால் வேலை இழந்தவர், அந்தப் பரிசுப் பணத்தைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்பு நிதி ஏற்படுத்தினார். 1987 ஜூன் 20-ந் தேதி, தமது 90-வது வயதில் மறைந்தார். கோயமுத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் அவர் பெயரில் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

இன்று பல நாடுகளில் பொதுமக்கள் நன்கொடை கொடுத்துப் பறவைக் கூடுகளின் அருகே காமிராக்கள் வைக்க உதவுகிறார்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் அமைத்த காமிராக்கள் வழியே, முட்டை பொரிவதையும் குஞ்சு பறப்பதையும் வீட்டிலிருந்தபடியே காணலாம். பலர் கொடுக்கும் சிறு தொகையில் இன்று நடப்பதை, கையில் காசில்லாத ஒருவர் அன்று ஓர் ஏணியையும் பொறுமையையும் கொண்டு செய்து காட்டினார்.

அடுத்த முறை பொன்னேரிப் பக்கம் பனைமரத்தில் பாதிக் கூடு கண்ணில் பட்டால், சற்று நின்று பாருங்கள். அது சோம்பேறிக் குருவியின் வேலை அல்ல. பெண்ணுக்குப் பிடிக்காமற் போன ஒரு வீடு!