யோசேவ்வாஸ் அடிகளார்: தாழ்மையை வாழ்வாக்கியவர்

பணிவு என்பது நம்மில் பலருக்கு ஒரு பேச்சு நடையாகவே இருக்கின்றது. மேடையில் கைகூப்புவதும் தம்மைச் சிறியவனென்று சொல்லிக்கொள்வதும் பணிவெனப் போற்றப்படுகின்றன. ஆயின், பதவியும் பாதுகாப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் அவற்றை ஒதுக்கிவிட்டு, பிறர் தொட அஞ்சும் பணியை ஏற்பதே மெய்யான பணிவாகும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கை மண்ணில் அவ்வாறு வாழ்ந்து மறைந்தவர் யோசேவ்வாஸ் அடிகளார்.

1651 ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவில், கொங்கணி பேசும் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1676 இல் குருவானார். மறு ஆண்டிலேயே தம்மை மரியன்னையின் அடிமையென எழுதி ஒப்பமிட்டார். இளங்குரு ஒருவரின் பக்தி மிகுதியாக அன்று தோன்றியிருக்கக்கூடிய அச்சொல், பின்னாளில் அவரது வாழ்க்கை முறையாகவே அமைந்தது.

அக்காலத்தில் இலங்கையின் கத்தோலிக்கர் பெருந்துன்பத்தில் இருந்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தாமும் கிறிஸ்தவராக இருந்தபோதிலும் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆண்டுக்கணக்காகக் குருவின்றித் தவித்த அம்மக்களின் செய்தி அடிகளாரின் உள்ளத்தைத் தைத்தது. தமிழைக் கற்றுக்கொண்ட அவர், 1687 இல் ஜோன் என்ற பணியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த சில நாட்களிலேயே இருவரும் கடும் வயிற்றுநோயால் வீழ்ந்தனர். தொற்றுக்கு அஞ்சி ஊர் அவர்களை ஒதுக்கிவைக்க, இரக்கமுள்ள பெண்ணொருத்தி கொண்டுவந்த கஞ்சியால் உயிர் தப்பினர் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். நலம்பெற்றதும் கழுத்தில் செபமாலையோடு யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டு, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். சில்லாலை அவரது பணிக்குத் தளமாக அமைந்தது. பகலில் பிச்சைக்காரராகத் திரிந்தவர், இரவில் குருவாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

ஒல்லாந்தரின் தேடுதல் இறுகவே, 1690 இல் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692 இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். சிறையிலும் அவர் முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை; சிங்களத்தைக் கற்றார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவர்மீது நம்பிக்கை கொண்டு, தனது இராச்சியத்தில் தடையின்றிப் பணியாற்ற அனுமதித்தான். கிறிஸ்தவ அரசொன்று துரத்திய குருவுக்குப் பௌத்த மன்னன் புகலிடம் அளித்தமை இந்நாட்டின் வரலாற்றில் மறக்கத்தகாத நிகழ்வாகும்.

1697 இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. மன்னனும் வசதி படைத்தோரும் நகரை நீங்கினர். நோயுற்றவர்களை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அடிகளாரோ தமது மருமகனும் குருவுமான யோசேப் கர்வாலியோவுடன் அங்கேயே தங்கினார். கைவிடப்பட்டோருக்குக் குடிசைகள் அமைத்தார், உணவு தேடிக் கொடுத்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று அவர் வினவவில்லை. ஒருகாலத்தில் தாமே நோயாளியாக ஊருக்குப் புறத்தே கிடந்தவரல்லவா?

இங்கேதான் அவரது பணிவின் மெய்த்தன்மை புலப்படுகின்றது. யாழ்ப்பாணத்தில் அவர் ஏற்ற கூலிக்கோலம் காலத்தின் கட்டாயம் எனலாம். கண்டியில் அக்கட்டாயம் இருக்கவில்லை. மன்னனின் ஆதரவு இருந்தது. மதிப்போடு வாழ வழியும் இருந்தது. அப்போதும் அவர் பணியாளனின் இடத்தையே தெரிந்தெடுத்தார். பின்னர் ஆயர் நிலைக்கு உயர்த்த முயன்றபோதும் அதனை மறுத்துவிட்டுக் கால்நடையாகக் கிராமங்களுக்குச் சென்றார். 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே காலமானார்.

1995 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராகவும் பிரகடனப்படுத்தினர். அந்தக் கௌரவம் கத்தோலிக்கருக்கு உரியது. ஆனால் அவரது வாழ்வு தரும் பாடம் நம் அனைவருக்கும் உரியது. 2020 இல் கொவிட் தொற்றின்போது, அடக்கம் செய்ய வேண்டுமென்ற முஸ்லிம் பெற்றோரின், பிள்ளைகளின் கண்ணீரைப் பொருட்படுத்தாது உடல்கள் எரிக்கப்பட்ட நாடு இது. அந்த ஆணை நீங்க 2021 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நாட்டில், 1697 இல், அந்நியர் ஒருவர் தமக்கு உறவில்லாதோரின் உடல்களை மரியாதையோடு மண்ணுக்குக் கொடுத்தார்.

அச்சம் மிகும் வேளையில் அடுத்தவனை ஒதுக்குவது எளிது. அவனருகே குனிந்து அமர்வதே அரிது. அவ்வாறு குனிந்தவரை வணங்குவதோடு நம் கடமை முடிந்துவிடுமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.