சங்கரின் நத்தை: சட்டகத்துக்கு வெளியே நின்றவை

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையிலிருந்து மேற்கே நோக்கினால் ஏலமலைச் சரிவுகள் தெரியும். நம் உழைக்கும் மக்கள் கூலிக்கு ஏறிச் செல்லும் மலை அது. அதற்கு அப்பால், அன்றைய திருவிதாங்கூரின் காயங்குளத்தில் 1902இல் பிறந்தவர் கே. சங்கர் பிள்ளை. இந்திய அரசியல் கேலிச்சித்திரத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் அவருடைய ஒரு சித்திரம், 1989இல் அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றத்தை உலுக்கியது.

சட்டம் பயிலப் பம்பாய் சென்ற சங்கர், படிப்பைக் கைவிட்டு வேலையில் சேர்ந்தார், நாளேடுகளுக்கும் வரைந்தார். 1932இல் தில்லியின் இந்துஸ்தான் டைம்ஸ் அவரைப் பணியமர்த்தியது. 1948இல் அவர் சங்கர்ஸ் வீக்லி இதழைத் தொடங்கியபோது, பிரதமர் நேரு தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். அபு ஆபிரகாம், ஓ. வி. விஜயன் போன்றோர் அவ்விதழின் வழியே வளர்ந்தனர்.

ஒற்றைச் சட்டகக் கேலிச்சித்திரம் ஒரே பார்வையில் நகைப்பூட்ட வேண்டும். ஆகவே ஓவியர் செய்தியின் ஒரு கூற்றை மட்டும் தேர்கிறார், எல்லோரும் அறிந்த உருவகம் ஒன்றை அதற்குப் பொருத்துகிறார், முகங்களை மிகைப்படுத்துகிறார், நகைப்பைத் தாமதப்படுத்தும் அனைத்தையும் நீக்குகிறார். எதை நீக்குவது என்ற முடிவில்தான் அவருடைய சமூக இடமும் செயல்படுகிறது.

அரசமைப்புச் சட்டம் உருவாகக் காலதாமதம் ஆவதாக அன்று முணுமுணுப்பு எழுந்தது. 1949 ஆகஸ்ட் 28 இதழில் சங்கர் அதனை நத்தையாக்கினார். நத்தையின் மேல் சவுக்குடன் அண்ணல் அம்பேத்கர். பின்னால் சவுக்கை ஓங்கியபடி நேரு. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். உருவகம் உடனே புரிந்தது.

சட்டகத்துக்கு வெளியே நின்றவை எவை? வரைவுக் குழுவின் எழுவரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றொருவர் அரசுப் பணிகளில் மூழ்கியிருந்தார். உடல்நலக் குறைவால் தில்லிக்கு வராதோரும் உண்டு. சுமை முழுவதும் அண்ணல் மீதே விழுந்ததை டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்றே அவையில் பதிவுசெய்திருந்தார். வரைவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. அவையில் முன்மொழியப்பட்டவை 2,473. இவற்றில் எதுவும் நத்தையின் முதுகில் ஏறவில்லை. தாமதத்தின் முகமாக எஞ்சியவர் அண்ணல் மட்டுமே.

கீழத்தஞ்சையில் பண்ணையாள்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்ததை நாம் மறக்கவில்லை. நேருவின் சவுக்கு நத்தைக்கே ஓங்கப்பட்டது என்று வாதிடலாம். ஆனால் சாட்டையை உடலில் அறிந்த சமூகத்துக்கு, பார்ப்பனர் ஒருவர் ஓங்கிய சவுக்கின் முன்னே நம் தலைவர் அமர்ந்திருக்கும் காட்சி வெறும் உருவகமாக நின்றுவிடுவதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்த அப்படத்தை 2012 மே மாதம் தொல். திருமாவளவன் மக்களவையில் எழுப்பினார். அமைச்சர் மன்னிப்புக் கேட்டார், படம் நீக்கப்பட்டது.

நீக்கியதோடு வேலை முடியவில்லை. 1932 முதல் 1956 வரை அண்ணலைக் குறித்து ஆங்கில ஏடுகளில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களை உன்னமதி சியாம சுந்தர் திரட்டி, ஒவ்வொன்றும் மறைத்த வரலாற்றை அதன் அருகிலேயே எழுதி, 2019இல் நூலாக்கினார். அவரும் கேலிச்சித்திரக் கலைஞரே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சங்கரின் கைத்திறனை நாம் மறுக்கவில்லை, கற்கவே சொல்கிறோம். நாளை நம் மாணவர் ஒருவர், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கி ஏற்றப்படும் பெண்களை வரையக்கூடும். நகைப்பு அப்பெண்களின் நெரிசல் மீதா, அந்த நெரிசலில் காசு மிச்சம் பிடிப்பவர் மீதா என்பதை அவர் கோடு இழுக்கும் முன்பே முடிவுசெய்துகொள்ளட்டும்.