சம்பளம் 8 பவுன். விலை 10,890 பவுன்!
கால்பந்து மேதை ஹெர்பர்ட் சாப்மன் வரலாறு

கால்பந்து ஆட்டக்காரர்கள் இன்று கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் ஒரு காலத்தில், கால்பந்துக்குப் பேர்போன இங்கிலாந்திலேயே, எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 8 பவுன்தான் சம்பளம். (பவுன் என்பது இங்கிலாந்து நாட்டு நாணயம்.)

அதற்கு மேல் கொடுத்தால் குற்றம். வாங்கினாலும் குற்றம்.

அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டே, இரண்டு கிளப்புகளை நாட்டின் முதல் இடத்துக்குக் கொண்டுவந்தார் ஒருவர். அவர் பெயர் ஹெர்பர்ட் சாப்மன்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

சாப்மன் 1878-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி பிறந்தார். ஊர், இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள கிவட்டன் பார்க். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி.

அந்த ஊரில் பிறந்த பையன்களுக்குச் சுரங்கம்தான் கதி. ஆனால் சாப்மன் படிப்பில் கெட்டிக்காரர். ஷெபீல்டு நகரத்துக்குச் சென்று சுரங்கப் பொறியியல் படித்தார்.

கால்பந்தும் ஆடினார். அதில் பெரிய புகழ் கிடைக்கவில்லை. ஊர் ஊராகக் கிளப் மாறிக்கொண்டே இருந்தார். மஞ்சள் நிறப் பூட்ஸ் போட்டு ஆடுவார் என்பதுதான் அவரைப் பற்றி ஜனங்களுக்கு நினைவு இருந்தது!

சட்டம் வந்தது

சாப்மன் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 1901-ம் ஆண்டு, சம்பள உச்சவரம்பு வந்தது. வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றார்கள்.

பணக்கார கிளப்புகள் அதிகச் சம்பளம் காட்டி நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டால், சின்ன ஊர் கிளப்புகள் என்ன ஆகும்? அவற்றைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்று சொன்னார்கள்.

இதோடு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. கிளப் சம்மதிக்காமல் ஆட்டக்காரர் வேறு கிளப்புக்குப் போக முடியாது. வேறு கிளப் அவரை விரும்பினால், பழைய கிளப்புக்கு விலை கொடுக்க வேண்டும். அந்த விலை எவ்வளவாக இருந்தாலும், புதிய கிளப்பில் கையெழுத்துப் போடும் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது 10 பவுன்தான்.

சம்பளத்துக்கு வரம்பு உண்டு. விலைக்கு வரம்பு இல்லை. சாப்மனின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு விதிகளுக்கு நடுவில்தான் நடந்தது.

ஏலம் போன ஆட்டக்காரர்கள்

1907-ம் ஆண்டு சாப்மன் நார்தாம்டன் கிளப்பின் மானேஜர் ஆனார். அடிமட்டத்தில் கிடந்த அந்தக் கோஷ்டி, 1909-ல் தெற்கு லீக்கில் சாம்பியன் ஆயிற்று. 1912-ல் லீட்ஸ் சிட்டி என்ற பெரிய கிளப் அவரை அழைத்துக்கொண்டது.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. போர்க் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது, செலவுப் பணம் மட்டும் கொடுக்கலாம் என்று உத்தரவு. 1916-ல் சாப்மன் கிளப் வேலையை விட்டுவிட்டு, ஒரு வெடிகுண்டுத் தொழிற்சாலையை நிர்வகிக்கப் போனார்.

போர் முடிந்ததும் இடி விழுந்தது. லீட்ஸ் சிட்டி ரகசியமாகப் பணம் கொடுத்தது என்று பழைய ஆட்டக்காரர் ஒருவர் புகார் செய்தார். கணக்குப் புத்தகங்களைக் காட்டும்படி விசாரணைக் குழு கேட்டது. கிளப் காட்ட மறுத்தது.

1919 அக்டோபரில் கிளப் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. லீட்ஸ் நகரில் மெட்ரோபோல் ஓட்டலில் ஏலம் நடந்தது. ஏலத்தில் போனது மேஜை நாற்காலி அல்ல, ஆட்டக்காரர்கள்! ஒருவர் 1,250 பவுனுக்குப் போனார். ஒருவர் 100 பவுனுக்குப் போனார்.

சாப்மனும் கால்பந்திலிருந்து விலக்கப்பட்டார். வயது 41. இனி மைதானத்தின் பக்கமே போக முடியாது என்ற நிலை.

மறுவாழ்வு

ஹடர்ஸ்பீல்டு என்ற கிளப் அவருக்கு மறுவாழ்வு கொடுத்தது. அவருக்காக மேல்முறையீடு செய்தது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் அவர் தொழிற்சாலையில் இருந்தார் என்று வாதாடினார்கள். தடை நீங்கியது. 1921-ல் சாப்மன் அங்கே மானேஜர் ஆனார்.

ஹடர்ஸ்பீல்டு பணக்கார கிளப் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மூடிவிடும் நிலைக்கு வந்திருந்தது. சாப்மன் ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். வயதாகிவிட்டது என்று பிறர் நினைத்த கிளம் ஸ்டீபன்சனை வாங்கிக் காப்டன் ஆக்கினார். இரண்டாவது கோஷ்டியும் முதல் கோஷ்டியைப் போலவே ஆட வேண்டும் என்று திட்டம் செய்தார். ஒருவருக்கு அடிபட்டால், இன்னொருவர் அப்படியே அந்த இடத்தில் பொருந்துவார்.

1922-ல் இங்கிலாந்துக் கோப்பை கிடைத்தது. 1924, 1925 இரண்டு ஆண்டும் ஹடர்ஸ்பீல்டுதான் லீக் சாம்பியன்.

லண்டன் அழைப்பு

லண்டனில் ஆர்சனல் கிளப் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1925-ல் அதன் தலைவர் ஹென்றி நாரிஸ் மானேஜர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அதிக விலை கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்க நினைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் அதில் கண்டிருந்தது!

சாப்மன் வந்தார். அவருக்கு ஆண்டுக்கு 2,000 பவுன் சம்பளம். மானேஜருக்குச் சம்பள வரம்பு கிடையாது!

முதலில் வாங்கியது, சண்டர்லாந்து கிளப்பின் சார்லி பக்கனை. விலையில் ஒரு புதுமை. உடனே 2,000 பவுன். முதல் ஆண்டில் அவர் போடும் ஒவ்வொரு கோலுக்கும் 100 பவுன். பக்கன் 21 கோல் போட்டார். மொத்தம் 4,100 பவுன் ஆகிவிட்டது!

நாரிஸ் நிலைக்கவில்லை. கிளப் பணத்தை விதிக்கு மாறாகக் கையாண்டார் என்று 1927-ல் அவர் விலக்கப்பட்டார். லீட்ஸ் நகரில் சூடு கண்ட சாப்மன், இரண்டாவது தடவையும் பாடம் கண்டார்.

மலிவும் உண்டு, விலையும் உண்டு

சாப்மன் பெரிய விலை மட்டும் கொடுத்தவர் அல்ல. எட்டி ஹாப்குட் ஒரு சின்ன கிளப்பில் ஆடிய ஒல்லிப் பையன். 1,000 பவுனுக்கும் குறைந்த விலையில் வந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்துக்கே காப்டன் ஆனார். கிளிப் பாஸ்டினை வேறு ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் கண்டார். வயது 17. விலை 2,000 பவுன்.

1928-ல் போல்டன் கிளப்பின் டேவிட் ஜாக் மேல் கண் வைத்தார். போல்டன் 13,000 பவுன் கேட்டது. அதுவரை யாருக்கும் 6,500 பவுனுக்கு மேல் விலை போனதில்லை.

பேரம் ஓர் ஓட்டலில் நடந்தது. சாப்மனின் உதவியாளர் பாப் வால் பிற்காலத்தில் சொன்ன கதை இது. சாப்மன் முன்கூட்டியே ஓட்டலுக்குப் போய்ப் பரிமாறுபவரிடம் ஏற்பாடு செய்துவிட்டார். விருந்தாளிகளின் கிண்ணத்தில் மது இரட்டிப்பு. சாப்மன் கிண்ணத்தில் மதுவே கிடையாது! பேரம் முடிந்தபோது விலை 10,890 பவுன்.

இதில் ஜாக்குக்கு என்ன கிடைத்தது? அதே 8 பவுன் வாரச் சம்பளம்தான். ஆட்டம் இல்லாத கோடை மாதங்களில் 6 பவுன். ஆண்டுக்கு 386 பவுன். அவருக்காகக் கைமாறிய தொகையைச் சம்பளமாக வாங்க, 28 ஆண்டு ஆட வேண்டும்!

கடையில் ஒரு வேலை

அடுத்த ஆண்டு அலெக்ஸ் ஜேம்ஸ். குள்ளமான உருவம், தொளதொளவென்ற கால்சட்டை, பந்து காலில் ஒட்டிக்கொண்டது போல ஆடுவார். பிரஸ்டன் கிளப்பில் இருந்த அவருக்குப் பல கிளப்புகள் போட்டி போட்டன. யாரும் 8 பவுனுக்கு மேல் கொடுக்க முடியாது. பிறகு எப்படி இழுப்பது?

சட்டம் கிளப் கொடுக்கும் சம்பளத்தைத்தான் கட்டுப்படுத்தியது. ஆட்டக்காரர் வெளியே வேலை பார்ப்பதைத் தடுக்கவில்லை. ஜேம்ஸுக்கு லண்டனில் செல்பிரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் விளையாட்டுச் சாமான் பகுதியில் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 250 பவுன் சம்பளம். லீக் நிர்வாகம் சந்தேகப்பட்டு விசாரித்தது. தவறு இல்லை என்று முடிவாயிற்று. 8,750 பவுன் விலைக்கு ஜேம்ஸ் ஆர்சனலில் சேர்ந்தார்.

மகனும் மகனும் மோதினார்கள்

1930 ஏப்ரல் 26. வெம்பிளி மைதானம். இங்கிலாந்துக் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஆர்சனல். மறு பக்கம் ஹடர்ஸ்பீல்டு. இரண்டுமே சாப்மன் வளர்த்த பிள்ளைகள்! அவருக்கு மரியாதையாக இரு கோஷ்டிகளும் பக்கம் பக்கமாக நடந்து மைதானத்துக்குள் வந்தன.

ஆர்சனல் 2-0 என்று வென்றது. முதல் கோல் போட்டவர் அலெக்ஸ் ஜேம்ஸ். மறு ஆண்டு லீக் சாம்பியன் பட்டமும் கிடைத்தது. தென் இங்கிலாந்துக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஆனால் பணம் எல்லாவற்றையும் வாங்கிவிடாது. 1933 ஜனவரியில் வால்சால் என்ற சின்ன கிளப்பிடம் ஆர்சனல் 0-2 என்று தோற்றது. வால்சால் கோஷ்டி முழுவதன் விலையும் 69 பவுன்தான் என்று ஊரெல்லாம் சிரித்தது. சாப்மன் மனம் தளரவில்லை. அந்த ஆண்டே மறுபடி லீக் சாம்பியன் பட்டத்தை வென்றார்.

கடைசிப் பயணம்

1934-ம் ஆண்டுப் புத்தாண்டு வாரம். புதிய ஆட்டக்காரர்களையும் எதிரிகளையும் பார்க்க சாப்மன் வட ஊர்களுக்குச் சென்றார். கடும் குளிர். சளி பிடித்தது. திரும்பி வந்த பிறகும் ஓய்வு எடுக்கவில்லை. கிளப்பின் மூன்றாவது கோஷ்டி ஆடுவதைப் பார்க்கப் போனார். நாளைய ஆட்டக்காரர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்!

சளி நிமோனியாவாக மாறியது. ஜனவரி 6-ந் தேதி அதிகாலை காலமானார். வயது 55. அன்று மாலை ஆர்சனல் ஆட வேண்டியிருந்தது. ஆடியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவர் சேர்த்து வைத்த கோஷ்டியே லீக் சாம்பியன்.

சம்பள வரம்பு அவருக்குப் பின்னும் 27 ஆண்டுகள் இருந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஆட்டக்காரர்கள் எழுந்து நின்ற பிறகு, 1961 ஜனவரியில்தான் நீங்கியது. சில மாதங்களில் ஜானி ஹெய்ன்ஸ் என்பவர் வாரம் 100 பவுன் வாங்கினார்.

அதைக் காண ஜேம்ஸும் ஜாக்கும் இல்லை. ஜேம்ஸ் 1953-லும் ஜாக் 1958-லும் காலமாகிவிட்டார்கள்.

லண்டனில் ஆர்சனலின் இன்றைய மைதானத்துக்கு வெளியே சாப்மனுக்குச் சிலை இருக்கிறது. அதைக் கடந்துதான் ரசிகர்கள் ஆட்டம் பார்க்கப் போகிறார்கள்.