குழந்தைகளுக்காக இணைந்த இருவர்

1861-இல் கல்கத்தாவில் தோன்றிய ரவீந்திரநாத தாகூருக்கு இளமையில் பள்ளிக்கூடம் சிறையாகவே இருந்தது. எந்தப் பள்ளியிலும் அவர் நிலைத்திருக்கவில்லை. அந்த வேதனையை மறவாத அவர், 1901-இல் சாந்திநிகேதனில் சில சிறுவர்களை மரநிழலில் அமர்த்திப் பள்ளி தொடங்கினார்.

வங்கக் குழந்தைகள் பல தலைமுறைகளாக, வித்யாசாகர் 1855-இல் இயற்றிய ‘வர்ணபரிசயம்’ வழியாகவே எழுத்தறிந்து வந்தனர். செவ்விய நூல்தான், ஆயினும் நல்ல பிள்ளை கோபாலும் அடங்காத ராக்காலும் அதில் வந்து நீதி புகட்டுவர். தாகூரோ குழந்தைக்கு முதலில் ஆனந்தத்தைத் தர விழைந்தார். நோபல் பரிசு பெற்ற அம்மகாகவி, எழுபதை நெருங்கும் வயதில் அரிச்சுவடி எழுத அமர்ந்தார்!

ஆனால் சொல் மட்டும் போதுமா? கலாபவனத்தின் தலைவரான நந்தலால் போஸ் துணைநின்றார். லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களுடன் ‘ஸஹஜ் பாடம்’ 1930-இல் இரு பாகங்களாக வெளிவந்தது. பக்கத்தை அழகுபடுத்த ஒட்டிய படங்கள் அல்ல அவை, பாட்டோடு பிறந்தவை. முதற்பாகத்தில் எழுத்துக்களே மாந்தராகி உலவுகின்றன. ‘க’ வரிசை எழுத்துக்கள் நான்கும் பாடிக்கொண்டே மீனவர் படகைச் செலுத்துகின்றன. எழுத்தறியாத பிள்ளையும் படத்தைத் தொட்டுப் பாட்டைச் சொல்லிவிடும். எழுத்து பின்னால் தானே வந்து சேரும்.