முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்



போன வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? காரிமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்தான். மாலை வகுப்புக்கு முதல் நாள் நல்ல கூட்டம். செவ்வாய்க்கிழமை சந்தை நாள், பாதிப் பிள்ளைகளைக் காணோம். மறுநாள் கேட்டால் ஆடு மாடு மேய்க்கப் போனதாகச் சொன்னார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தம்பி அழுதால் பாடம் கெட்டுவிடும் என்று நம்ம ஆள் ஒருத்தர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆள் நான்தான்!

அதற்கப்புறம்தான் தாராபாய் மோடக் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தேன்.

1892-ல் பம்பாயில் பிறந்தவர். 1914-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது! திருமண வாழ்க்கை நிலைக்கவில்லை. ராஜ்கோட்டில் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. கௌரவமான வேலை. அதையும் விட்டுவிட்டு, மகளோடு பாவ்நகருக்குப் போய் கிஜுபாய் பதேகாவிடம் சேர்ந்தார். கிஜுபாய் யார் தெரியுமா? வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்தவர். மீசை வைத்த அம்மா என்றே ஊரில் அவருக்குப் பெயர். இருவரும் சேர்ந்து 1926-ல் நூதன் பால சிக்ஷண சங்கத்தைத் தொடங்கினார்கள். 1936-ல் தாராபாய் பம்பாய் தாதரில் சிசு விஹார் நடத்த ஆரம்பித்தார்.

இத்தோடு நின்றிருந்தாலே போதும், பெயர் நிலைத்திருக்கும். ஆனால் 1945-ல், 53 வயதில், பம்பாய்க்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் போர்டி கிராமத்துக்குக் கிளம்பிவிட்டார். கூடவே வந்தவர் அனுதாய் வாக். 13 வயதில் கல்யாணம், ஆறு மாதத்தில் விதவை, பிறகு விடாமல் படித்து ஆசிரியை ஆனவர்.

போர்டியில் பள்ளியைத் திறந்து வைத்தால் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. நம்ம கதைதான்! ஆனால் அந்த அம்மையார் யாரையும் திட்டவில்லை. பள்ளியைத் தூக்கிக்கொண்டு சேரிக்கே போனார். வீட்டு முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, குளிப்பாட்டி, தலை வாரி, நகம் வெட்டி, பாட்டும் விளையாட்டுமாகப் பாடம். மாண்டிசோரி கருவிகளுக்குக் காசு ஏது? கூழாங்கல், கிளிஞ்சல், இலை, களிமண் என்று ஊரில் கிடைத்ததை வைத்தே எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். ஊர்ப் பெண்களுக்கும் பயிற்சி தந்து அந்த வேலையில் இறக்கினார்கள்.

1950-களின் பிற்பகுதியில் கோஸ்பாட் மலைக்கு, வார்லி பழங்குடி மக்களிடம் போனார்கள். அங்கேதான் என்னைத் தலைகுனிய வைத்த விஷயம் இருக்கிறது. அக்காமார் படிக்க வராததற்குக் காரணம் இடுப்பில் இருக்கும் கைப்பிள்ளை. சரி, கைப்பிள்ளையும் வரட்டும் என்று தொட்டில் அறை, பால்வாடி, ஆரம்பப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். அக்கா பாடம் படிப்பாள், தம்பி பக்கத்திலேயே தூங்குவான். மாடு மேய்க்கும் பையன்களுக்கு? ஆசிரியர் மேய்ச்சல் வெளிக்கே போவார்! அதற்குப் பெயர் மேய்ச்சல் பள்ளி.

பால்வாடி என்றால் பால் கொடுக்கிற இடம் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்து மொழியில் பால் என்றால் குழந்தையாம். அங்கன் என்றால் முற்றம்.

1962-ல் தாராபாய்க்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1973-ல் மறைந்தார். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்த மையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர் வைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அனுதாய் 1992-ல் கண்மூடும்வரை கோஸ்பாட் பணியை விடவில்லை.

வர்ற முகாமுக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். வகுப்புக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். சாயந்திரம் ஆடு ஓட்டும் பையன்களோடு ஏரிக்கரைக்குப் போக இன்னும் ஒருத்தர் இருந்தால் நல்லது. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் வந்து கேளுங்கள், என்னைக் காட்டுவார்கள்.