பொலிகாளையும் பெற்ற பிள்ளையும்

காங்கேயம் என்று சொன்னாலே தமிழ்நாட்டில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது காளைதான். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மேய்ந்து வளரும் மாடு அது. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்கிவிடும். இந்த இனத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள் நம் பகுதி விவசாயிகள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அதில் பெயர் பெற்றது. வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பூச்சிக்காளை என்று நாம் சொல்லும் பொலிகாளையை வாங்குகிறவர் எத்தனை பார்ப்பார் என்று. திமில், கொம்பு, சுழி, தாய்ப்பசு கறந்த பால், தகப்பன் காளை இழுத்த பாரம் என எல்லாம் பார்ப்பார்.

மாட்டுக்கு இது சரி. மனிதருக்கும் இது சரியா?

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு, உலகத்தின் பெரிய படிப்பாளிகள் பலர் சரிதான் என்றார்கள். பிறப்பை வைத்து ஒருவரை உயர்த்துவதையும் தாழ்த்துவதையும் வாழ்நாள் முழுவதும் எதிர்த்த, நம் கொங்கு மண்ணின் மைந்தர் ஒருவரைக்கூட அந்த எண்ணம் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது. அவர்தான் தந்தை பெரியார், ஈ.வெ.ராமசாமி. கடவுள் நம்பிக்கையில் அவர் நமக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றவர். ஆனாலும் அவருடைய வாழ்வில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

காங்கேயத்திலிருந்து வடக்கே சென்னிமலை தாண்டிப் போனால் ஈரோடு. அங்கே 1879 செப்டம்பர் 17 அன்று வசதியான வணிகக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை வெங்கட்ட நாயக்கர், தாய் சின்னத்தாயம்மாள். 1898-ல் பத்தொன்பது வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் நாகம்மையாருக்கு வயது 13. அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் மாதத்தில் அது இறந்துபோனது. அதன்பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அந்தக் காலத்தில் பணக்கார வீட்டில் வாரிசு இல்லை என்றால், மறுபேச்சு இல்லாமல் இரண்டாம் கல்யாணம் செய்துவைப்பார்கள். பிள்ளை பெறாதவள் என்று அந்தப் பெண்ணை ஊரே ஒதுக்கும். ஆனால் ராமசாமி நாகம்மையாருடனேயே வாழ்ந்தார். 1921-ல் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் நாத்தனார் கண்ணம்மாளும் முன்னே நின்றார்கள். 1933-ல் நாகம்மையார் இறக்கும்வரை அந்த இல்லறம் நீடித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து அவர் மணியம்மையாரை மணந்தார். அதுகூடப் பிள்ளைக்காக அல்ல, தன் இயக்கத்தைக் காக்க ஒரு வாரிசு வேண்டும் என்பதற்காகவே என்றார்.

இன்னொரு நிகழ்ச்சி 1909-ல் நடந்தது. அவருடைய தங்கை மகள், குழந்தைப் பருவத்திலேயே தாலி கட்டி, சில வாரங்களிலேயே விதவையானவள். வீட்டாரும் உறவினரும் கடுமையாக எதிர்த்தபோதும், அந்தச் சிறுமிக்கு அவர் மறுமணம் செய்துவைத்தார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குலமும் கௌரவமும் தீர்மானிக்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு மேடையில் பிறந்ததல்ல, தன் சொந்த வீட்டில் பிறந்தது.

இதே காலத்தில்தான் மேற்கே யூஜெனிக்ஸ் என்ற கொள்கை பரவிக்கொண்டிருந்தது. தமிழில் இன மேம்பாட்டுக் கொள்கை எனலாம். 1883-ல் இந்தப் பெயரைச் சூட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன். இவர் சார்லஸ் டார்வினின் உறவினர். நல்ல குதிரையையும் நாயையும் தெரிந்தெடுத்து உருவாக்குவது போல நல்ல மனிதரையும் உருவாக்கலாம் என்பது அவர் வாதம். தகுதியானவர் நிறையப் பெற வேண்டும், தகுதியற்றவர் பெறவே கூடாது என்பதே இதன் சாரம்.

இது வெறும் விஞ்ஞானப் பேச்சாக நின்றுவிடவில்லை. எது சரியான குடும்பம், எது இயல்பான ஆண், எது இயல்பான பெண் என்பதற்கே ஓர் அளவுகோலாகிவிட்டது. உடல் திடமான கணவன், அவனுக்கு ஏற்ற மனைவி, இனத்துக்குப் பெருமை சேர்க்கும் பிள்ளைகள் இருந்தால்தான் அது குடும்பம். கணவன் மனைவி உறவின் மதிப்பும் பிறக்கும் பிள்ளையின் தரத்தால் அளக்கப்பட்டது. பிள்ளையில்லாதவர், உடல் ஊனமுற்றோர், மனவளர்ச்சி குன்றியோர், ஒரே பாலினத்தாரிடம் ஈர்ப்புள்ளோர், பரம ஏழைகள் எல்லாரும் குறைபாடுள்ள சரக்கு என்ற பட்டியலில் சேர்ந்தார்கள். நம் துறவியரும் தப்பவில்லை. மென்மையும் அறிவும் உள்ளவர்களை மடங்களில் சேர்த்து, வாரிசில்லாமல் ஆக்கி, ஐரோப்பிய இனத்தையே திருச்சபை கெடுத்துவிட்டது என்று கால்டன் 1869-ல் எழுதிய நூலில் குற்றம் சாட்டினார்.

இந்தக் காற்று நம் நாட்டிலும் வீசியது. 1920-களின் இறுதியில் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் என்ற கருத்தடைச் சங்கம் தோன்றியது. உயர் நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். மும்பையில் டாக்டர் ஏ.பி. பிள்ளை 1934-ல் மேரேஜ் ஹைஜீன் என்ற இதழைத் தொடங்கினார். நாட்டில் ஏழைகள் பெருகுகிறார்கள், இனத்தின் தரம் குறைகிறது, ஆகவே கருத்தடை வேண்டும் என்பதே அன்று படித்தவர்களிடையே நடந்த பேச்சு.

பெரியாரும் கருத்தடை வேண்டும் என்றார். 1930-லேயே தன் குடி அரசு இதழில் எழுதினார். ஆனால் அவர் காட்டிய காரணம் வேறு. நாட்டின் வறுமை தீரவும், சொத்து சிதறாமல் இருக்கவும், பிள்ளைகள் திடமாக இருக்கவும் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள், நாமோ பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று அவர் பிரித்துக் காட்டினார். பெண் என்பவள் இனத்தை வளர்க்கும் கருவியல்ல என்பதே அவர் சொன்னதன் உட்பொருள். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டது. 1938-ல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாடுதான் அவருக்குப் பெரியார் என்ற பட்டத்தைச் சூட்டியது.

அதே 1930-ம் ஆண்டின் கடைசி நாளில், திருத்தந்தை பதினோராம் பயஸ் கிறிஸ்தவ திருமணத்தைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். காஸ்தி கொன்னூபி என்பது அதன் பெயர். செயற்கைக் கருத்தடையை அது ஏற்கவில்லை. அதில் திருச்சபையும் பெரியாரும் இரு துருவங்கள். ஆனால் அதே மடல் இன மேம்பாட்டுக் கொள்கையையும் வெளிப்படையாகக் கண்டித்தது. குற்றம் எதுவும் செய்யாத மனிதரின் உடலில் கைவைக்க அரசுக்கு உரிமை இல்லை என்றது. குறையுள்ள பிள்ளை பிறக்கலாம் என்ற காரணத்துக்காக ஒருவரின் திருமணத்தைத் தடுப்பது தவறு என்றது. குடும்பம் அரசைவிடப் புனிதமானது என்றது. ஈரோடும் ரோமாபுரியும் வேறு வேறு வழியில் வந்தாலும், மனிதர் மந்தை அல்ல என்ற இந்த ஓர் இடத்தில் அருகருகே நின்றன என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1940-களில் பெரியார் இனிவரும் உலகம் என்ற தலைப்பில் தன் எதிர்காலக் கனவைச் சொன்னார். கம்பியில்லாத் தந்தி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று அவர் சொன்னது இன்று செல்போனாக நம் கையில் இருக்கிறது. அதே கனவில், பிள்ளைப்பேறு பற்றியும் ஒரு பகுதி உண்டு. பொலிகாளையைத் தெரிந்தெடுப்பது போல, உடற்கட்டும் அறிவும் அழகும் உள்ள ஆண்களைப் பொறுக்கியெடுத்து, அவர்களுடைய வித்தை ஊசி மூலம் பெண்களுக்குச் செலுத்தி நல்ல பிள்ளைகளைப் பெறும் காலம் வரும் என்றார். 1939-ல்தான் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் இந்தியாவில் முதன்முதலாக மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்தார்கள். காளைகளின் சீமையில் பிறந்தவருக்கு அந்த உவமை இயல்பாக வந்திருக்கும்.

சோதனைக்குழாய்க் குழந்தையை முன்கூட்டியே சொன்னார் என்று பலர் இதைப் பாராட்டுகிறார்கள். 1978-ல் அது நடந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பொலிகாளை உவமையில் நாம் சற்று நிற்க வேண்டும். பொறுக்கியெடுப்பது யார்? கழித்துவிடப்படுவது யார்? பிறப்பால் மனிதரைத் தரம் பிரிக்காதே என்று சாதியை எதிர்த்து முழங்கியவரின் கனவில், தரம் பார்த்துப் பிறக்கவைப்பது எப்படி நுழைந்தது?

அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. நம் வீட்டிலும் இந்தத் தவறு நடந்தது. ஜெர்மனியில் ஹெர்மன் முக்கர்மன் என்ற கத்தோலிக்கக் குருவே இன மேம்பாட்டுக் கொள்கையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். ஒரு காலத்தின் காற்று எவ்வளவு நுட்பமாக நல்லவர்களின் மூச்சிலும் கலந்துவிடுகிறது என்பதற்கு இவை சாட்சி.

அந்தக் காற்று எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை உலகம் பார்த்தது. 1933 ஜூலையில் ஹிட்லரின் அரசு சட்டம் இயற்றி, ஏறக்குறைய 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. 1939-ல் ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் கொல்லவே தொடங்கியது. 1941 ஆகஸ்டில் மியூன்ஸ்டர் ஆயர் கிளமென்ஸ் வான் காலன் தன் மறையுரையில் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். 2005-ல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். நம் நாட்டில் பெரியார் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நெருக்கடி நிலை வந்தது. 1976-77 என்ற ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை நடந்தது. வடநாட்டில் பல இடங்களில் ஏழைகளைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள். இலக்கை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் மனிதர் எண்ணிக்கையானார்கள்.

பெரியாரின் கடைசி நாட்களை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வயது 94. சிறுநீர் வடிய உடலில் குழாய் பொருத்தியிருந்தார்கள். அந்த நிலையிலும் வேனில் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில், வலி தாங்காமல் முனகி, நிறுத்தி, மீண்டும் பேசினார். ஐந்து நாட்கள் கழித்து, வேலூர் சி.எம்.சி. கிறிஸ்தவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. கண்ணபுரம் சந்தையின் கணக்குப்படி அந்த உடலுக்கு விலையே இல்லை. பெற்ற ஒரே குழந்தையையும் இழந்தவர் அவர். ஆனாலும் ஒரு தமிழகமே காதைத் தீட்டிக்கொண்டு அவர் பேச்சைக் கேட்டது. பொலிகாளை உவமைக்கு அவருடைய சொந்த வாழ்வே நல்ல பதில்.

இன்று நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பெண் பார்க்கப் போகும்போது நிறம், உயரம், சாதி, சொத்து, வீட்டில் ஊனமுற்ற பிள்ளை உண்டா என்று அலசுகிறோம். அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், சம்பந்தம் தட்டிப்போகுமே என்று பயந்து உள்ளறையில் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. பிள்ளையில்லாத தம்பதியரை ஞானஸ்நானத்துக்கும் வளைகாப்புக்கும் அழைக்கத் தயங்குகிறோம்.

காளையை வாங்குகிறவர் சுழி பார்க்கட்டும். வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சுழி பார்க்க வேண்டாம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு, உள்ளறையில் இருக்கும் அந்தப் பிள்ளையையும் அழைத்து வருவோமா?