இஞ்சிக்குப் பெயர் வைத்த வில்லியம் ரோஸ்கோ

தமிழ்ப்பள்ளியில் இஞ்சியை இஞ்சி என்றே படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது ஹாலியா ஆனது. பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு ஸிஞ்ஜிபர் ஒஃபிசினாலே ரோஸ்கோ என்ற மூன்றாவது பெயரும் சேர்ந்துகொண்டது. ஒரு தாவரத்திற்கு முறைப்படி அறிவியல் பெயர் சூட்டியவரின் பெயரைக் கடைசியில் எழுதுவது வழக்கம். அந்த ரோஸ்கோ யார் என்று தேடிப் போனேன். அவர் தாவரவியல் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து வழக்கறிஞர்.

வில்லியம் ரோஸ்கோ 1753ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பிறந்தார். தந்தை விடுதி நடத்தியதோடு காய்கறித் தோட்டமும் வைத்திருந்தார். 12 வயதில் ரோஸ்கோவின் பள்ளிப்படிப்பு நின்றது. தோட்டத்து உருளைக்கிழங்கைத் தலையில் சுமந்து சந்தைக்குக் கொண்டு போவார்; கிடைத்த நேரத்தில் வாசிப்பார். பிறகு சட்டத் தொழில் பயின்றார். இத்தாலிய மொழியைக் கற்று, இத்தாலிக்கு ஒருமுறைகூடப் போகாமலேயே, லொரென்சோ டி மெடிச்சியின் வரலாற்றை 1796இல் எழுதிப் புகழ் பெற்றார்.

அன்றைய லிவர்பூல் அடிமை வணிகத்தில் கொழித்த துறைமுகம். கப்பல் முதலாளி முதல் கயிறு திரிப்பவர் வரை பலருக்கும் அதில்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டே, 1787இல் ஆப்பிரிக்கருக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கவிதையாக்கி வெளியிட்டார் ரோஸ்கோ. 1806இல் அதே ஊரின் நாடாளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு, அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதாவுக்கு ஆதரவாகப் பேசி வாக்களித்தார். நட்டமடையும் வணிகர்களுக்கு இழப்பீடு தரலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு யார் இழப்பீடு தந்தார்கள்? ஆனால் அந்தச் சமாதானமும் அவரைக் காப்பாற்றவில்லை. 1807 மே மாதம் ஊர் திரும்பியபோது, அடிமைக் கப்பல்களின் மாலுமிகள் அடங்கிய கூட்டம் அவரையும் ஆதரவாளர்களையும் தெருவிலேயே தாக்கியது. பதவியும் போயிற்று.

இஞ்சிக் குடும்பத்தின் பெயர்களை ஒழுங்குபடுத்திய அவரது கட்டுரை வெளிவந்ததும் அதே 1807இல்தான். இஞ்சி, மஞ்சள், லெங்குவாஸ், லக்சாவில் போடும் கந்தான் பூ எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் பூவில் மகரந்தம் தருவது ஒரே ஒரு கேசரம்தான். நாம் இதழ் என்று நினைக்கும் அந்தப் பெரிய உதடு, இதழாக உருமாறிய கேசரங்களே. ரோஸ்கோ அந்த ஒற்றைக் கேசரத்தின் வடிவத்தைக் கூர்ந்து பார்த்து இனங்களைப் பிரித்தார். இஞ்சியில் அது அலகுபோல நீண்டு சூல்தண்டைச் சுற்றிக்கொள்ளும்.

இந்தப் பூக்களைக் காயவைத்தால் கசங்கி உருத்தெரியாமல் போய்விடும். உயிருள்ள செடி வேண்டும். 1802இல் அவர் முன்னின்று அமைத்த லிவர்பூல் தாவரத் தோட்டம் அதற்குக் கைகொடுத்தது. வங்காளத்தின் செராம்பூரிலிருந்து வில்லியம் கேரி முதலானோர் செடிகளை அனுப்பினார்கள். கண்ணாடிக் கூடங்களில் அவை பூத்தன.

1816இல் அவர் பங்குதாரராக இருந்த வங்கி தடுமாறியது. கடனை அடைக்க, ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களையும் ஓவியங்களையும் விற்றார். அப்படியும் 1820இல் திவாலானார். எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது இதற்குப் பிறகு நடந்ததுதான். எழுபதைத் தாண்டிய வயதில், 1824இல் தொடங்கி, இஞ்சி, கல்வாழை வகைகளுக்காக 112 வண்ணப் படங்கள் கொண்ட பெரிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். படங்களில் சிலவற்றை வரைந்தவர் அவருடைய மருமகள். அச்சானவை 150 படிகள் மட்டுமே. 1831 ஜூன் 30ஆம் நாள் ரோஸ்கோ மறைந்தார்.

அவருடைய நண்பர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் 1806இலேயே ஓர் இஞ்சி இனத்திற்கு ரோஸ்கோயா என்று பெயரிட்டிருந்தார். முதலில் விவரிக்கப்பட்டது நேபாளத்திலிருந்து வந்த ஊதாப் பூச்செடி. நம் ஊர் இஞ்சி குளிர் தாங்காது. இதுவோ இமயமலையில் வளர்வது. குளிர்காலத்தில் மண்ணுக்கு மேல் ஒன்றுமே இருக்காது, கிழங்கு மட்டும் அடியில் உறங்கும். இங்கிலாந்துத் தோட்டங்களில் அதை உறைபனி எட்டாத ஆழத்தில் நடுகிறார்கள். மற்ற செடிகள் எல்லாம் துளிர்த்து முடித்த பிறகு, மே மாதக் கடைசியில்கூட, அதன் முளை மெதுவாக வெளியே வரும். ஆர்க்கிட் போன்ற பூவைப் பார்த்து அது இஞ்சி என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.